பூனைக்காது

தேவிகுளத்து நர்சரியில் நாற்பது ரூபாய்.
மறையூர் இறங்குவதற்குள்
பெயர் எழுதிய அட்டையை மழை நக்கிவிட்டது.
சேஜ் என்று சொல்லியிருந்தான் ஷிபின்,
மேட்டு ரிசார்ட்டின் சமையல்காரன்.
பத்து இலைக் கட்டு பதினைந்து ரூபாய்க்கு எடுத்துக்கொள்வானாம்.
தமிழில் இதற்கு என்ன பேர்?
மலையாளத்திலும் இல்லை சேச்சி.
இலையைத் தடவிப் பார்த்தேன்.
சாம்பல் பச்சை, மெத்தென்று ஒரு ரோமம்.
பூனைக்காது என்று வைத்தேன்.
யாரும் ஆட்சேபிக்கவில்லை.

முதல் செடி அழுகிச் செத்தது.
நன்றாகக் கவனித்ததால்.
காலையும் மாலையும் ஒரு சொம்பு,
பாவம் தாகமாயிருக்குமே என்று மதியம் இன்னொரு சொம்பு.
இரண்டாவதைப் பூண்டுப் பாத்தியின் மேட்டில் வைத்தேன்
மணலும் பொடித்த முட்டையோடும் கலந்து.
விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விடுவேன்.
ஈரம் தட்டினால் சொம்போடு திரும்பிவிடுவேன்.
காந்தளூர் மேகம் எப்போதும்
அடுத்த மலையில் பெய்துவிட்டு வருவது;
அந்தக் கஞ்சத்தனம் இதற்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்காரர் ஆரோக்கியநாதனுக்கு
சின்னார் செக்போஸ்டில் இரவுக் காவல்.
அவர் அங்கே தார்ப்பாய் விலக்கி
சந்தனமா என்று முகர்கிற நேரம்
நான் இங்கே டார்ச்சோடு குந்தியிருப்பேன்.
ஓடில்லா நத்தைகளை
உப்புத்தண்ணீர் டின்னில் போடுவேன்.
செடியைத் தட்டினால்
வெள்ளை ஈ புகையாய் எழுந்து
என் மூக்கைச் சுற்றிவிட்டு அதே இலையில் உட்காரும்.
ஒரு நாள் வெள்ளைத்தாளை அடியில் பிடித்து உதறினேன்:
மிளகுத்தூள் விழுந்தது.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
மிளகுத்தூள் நடந்தது.

பார் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து
நசுக்கிய பூண்டைப் பிழிந்து
இலையின் அடிப்பக்கம் அடித்தேன்.
மேல்பக்கம் அடிப்பது
பார்க்கிறவர்களுக்காக.

கொழுந்தில் அசுவினி அப்பிய வாரம்
புதிதாய் ஒருவன் வந்தான்.
கறுப்பு. முதுகெல்லாம் முள்.
இரண்டு ஆரஞ்சுப் பட்டை, ஆறு கால்,
முதலையைச் சுண்டவைத்த முகம்.
இவன்தான் தலைவன் என்று தெரிந்துவிட்டது.
ஒரே ராத்திரியில் பதினேழு பேரை நசுக்கினேன்.
மறுநாள் ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டு
கிருஷி பவனுக்குக் கொண்டுபோனேன்,
சரியான மருந்து கேட்க.
ஆபீசர் சுமையா திறந்து பார்த்தாள்.
அய்யோ சேச்சி,
இது நம்முடெ ஆளல்லே?

பொறிவண்டின் பிள்ளை.
அசுவினி தின்று வளர்வது.
சிவப்புச் சட்டை போடும் வயது வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று காலை டியூட்டி முடிந்து வந்தவரிடம் சொன்னேன்.
கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டார்.
பிறகு கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார்:
முந்தாநாள் கடைசி பஸ்ஸில் ஒரு பையன்.
மூட்டையில் வாசனை அடித்தது, இறக்கிவிட்டேன்.
அவிழ்த்தால் தைலப்புல்.
பஸ் போய்விட்டது.
விடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.
என்னைத் திட்டக்கூட இல்லை.
ஊறுகாய் இருக்கா என்றார்.

மாசியில் ஷிபின் கொச்சிக்குப் போய்விட்டான்.
ரிசார்ட் கேட்டில் பூட்டு.
இரண்டு கட்டுக்குப் பணம் பாக்கி.
செடியோ இடுப்புயரம் வந்து
ஊதா நிறத்தில் பூத்துத் தொலைத்தது.
என்ன செய்வது என்று தெரியாமல்
ஐந்தாறு இலையை நெய்யில் போட்டேன்.
மொறுமொறுவென்று சுருண்டது.
கற்பூரமும் மிளகும் ஈரப் பலகையும் கலந்த ஏதோ ஒன்று.
இவர் நல்லாருக்கு என்றும் சொல்லவில்லை,
தட்டில் மிச்சமும் வைக்கவில்லை.

நேற்று டார்ச் வெளிச்சத்தில் மறுபடி ஒருவன்.
அதே முள், அதே முதலை முகம்.
கட்டைவிரல் தானாகவே கிட்டே போய்விட்டது.
பிடித்து இழுத்து
மடிக்குள் வைத்துக்கொண்டேன்.
அவன் அவசரமில்லாமல்
ஓட்டை விழுந்த இலையைக் கடந்து
அசுவினி இருக்கும் பக்கம் போனான்.
எங்கே என்று கேட்கவில்லை.
டார்ச்சை அணைத்தேன்.
கீழே வளைவில்
ஏதோ லாரி கியர் மாற்றிக்கொண்டிருந்தது.